இரண்டு சிலிண்டர்கள்

ஜூன் 2, திங்கள். அம்பத்தூர்

டாக்டர் ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என் மனைவி செண்பகத்தின் ஆக்சிஜன் அளவு, அவளுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது, இருமல் எப்படி, மூன்றையும் தினமும் எழுத வேண்டுமாம். முப்பத்தொரு வருஷம் கம்பெனி ஸ்டோரில் போல்ட்டும் நட்டும் எண்ணி எழுதியவனிடம் இதை இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை.

காலை 91. மாலை 88. மெஷின் 15 மணி நேரம். இருமல் அதிகம்.

காரணம் எங்கள் அடுக்குமாடி. வெளிச்சுவரின் பழைய பூச்சை மெஷின் வைத்துச் சுரண்டுகிறார்கள். ஜன்னலை அடைத்தாலும் தூசி உள்ளே வருகிறது. வேலை முடிய இரண்டு மாதம் ஆகும். அதுவரை வேறு எங்காவது கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். மகள் வீடு ஹைதராபாத்தில் நாலாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே செண்பகம் முடிவு செய்துவிட்டாள்.

"ஊருக்குப் போவோங்க. பேச்சி பாத்துக்கிடுவா."

"அங்க கரண்ட் இருக்குற லட்சணம் தெரியும்ல? இந்த மெஷின் கரண்ட்ல ஓடுது, காத்துல ஓடல."

"அங்க காத்துலதான கரண்ட்டே எடுக்காக" என்றாள். எங்கள் ஊர்ப் பக்கம் கயத்தாறைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைச் சொல்கிறாள். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் குறையவில்லை.

டாக்டர் இன்னொன்றும் கேட்டார். "விறகடுப்பில் சமைத்திருக்கிறீர்களா? எத்தனை வருஷம்?" செண்பகம், "பதினேழு" என்றாள். இந்தக் காலத்து டாக்டர்கள் தேவையில்லாததையெல்லாம் கேட்கிறார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, வியாழன். ஊர்

வந்து சேர்ந்தோம். ரயிலில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டரை வைத்தே சமாளித்தோம். அதில் அளவு காட்டும் முள் கீழே இறங்கிவிட்டது. கோவில்பட்டியில் நிரப்பித் தருவார்களாம். நாளை போக வேண்டும்.

என் தம்பி அய்யாத்துரை ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டு வந்தான். அவன் மனைவி பேச்சி, மேற்கே பார்த்த அறையை எங்களுக்கு ஒழித்து, கழுவி, புதுப் பாய் விரித்து வைத்திருந்தாள். செண்பகத்தின் மூக்கில் டியூபைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஸ்டோர்க்காரன் புத்தி போகுமா? வீட்டைச் சுற்றிக் கணக்கெடுத்தேன். மூன்று பல்பு, இரண்டு ஃபேன், டிவி, மிக்ஸி, கிரைண்டர். தீர்ந்தது. இவர்கள் இரண்டு மாதத்துக்கு எரிக்கும் கரண்ட்டை நாங்கள் அம்பத்தூரில் ஒரு வாரத்தில் எரித்துவிடுகிறோம். ஏசி இரண்டு, ஃபிரிட்ஜ், கீசர், வாஷிங் மெஷின், கரண்ட் போனால் இன்வெர்ட்டர். நான் இதைச் சொன்னதும் அய்யாத்துரை காற்றாலைப் பக்கம் கையைக் காட்டி, "எல்லாம் நம்மூருக் காத்துதான்ணே. இங்க சுத்துது, அங்க ஒங்களுக்குக் குளுருது" என்று சிரித்தான்.

அடுப்படியில் கேஸ் அடுப்பும் இருக்கிறது. சிலிண்டர் மேல் துணி போர்த்தி, அதன் மேல் புளிப்பானை. ஏன் என்று கேட்டேன். "விருந்தாளி வந்தா காப்பி போட அத்தான்" என்றாள் பேச்சி. மற்றபடி எல்லாமே பருத்திமார் அடுப்புதான். பஞ்செடுத்த பிறகு பிடுங்கிக் காய வைத்த செடிகள் வாசலில் வீட்டுயரத்துக்குக் குவிந்து கிடக்கின்றன.

மெஷினுக்கு ஸ்டெபிலைசர் மாட்டினேன். அதில் வோல்டேஜ் நம்பராகத் தெரியும். காலையில் 215. மாலை ஆறு மணிக்கு மூணு பேஸ் கரண்ட் வந்து கிணற்று மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் 180க்கு வந்துவிடுகிறது.

ஜூன் 6, வெள்ளி

காலை 90. மதியம் 86. இருமல் மிக அதிகம்.

இது மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுக் காலம். அடுப்படியும் மேற்கே. புகை மொத்தமும் எங்கள் அறைக்குள் வருகிறது. பேச்சியிடம் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்போல. "சரி அத்தான்" என்றாள். செண்பகம் என்னை முறைத்தாள்.

ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்புவது நாளை.

ஜூன் 8, ஞாயிறு

92! இருமல் இரண்டே தடவை. காற்று திசை மாறியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மதியச் சாப்பாடு வரும்போது மணி இரண்டேகால். ஸ்டோரில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு.

ஜூன் 11, புதன்

92. மெஷின் 14 மணி நேரம். இருமல் இல்லை.

காலைப் பலகாரம் ஒன்பதரைக்கு. பேச்சி தூக்குச்சட்டியில் கொண்டுவந்து வைத்தாள். கால் முழுக்கக் கரிசல் மண். அடுப்படியிலிருந்து அறைக்கு வர எதற்குத் தூக்குச்சட்டி, எங்கே நின்று யாரிடம் பேசிவிட்டு வருகிறாள் என்று தெரியவில்லை. செண்பகத்திடம் சொன்னேன். "சூடா இருக்குல்ல, சாப்பிடுங்க" என்றாள்.

ஜூன் 14, சனி

91.

செண்பகம் தலைக்குக் குளித்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று கேட்டாள்: "மொத மொத கேஸ் கேட்டு ஒரு லெட்டர் போட்டேனே, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன். உண்மையிலேயே ஞாபகம் இல்லை. நீல இன்லேண்டு. 1993, தீபாவளிக்கு முந்தின வாரம். இரண்டு பக்கம் எழுதி ஓரத்திலும் எழுதியிருந்தாள். அந்தக் காலத்தில் கேஸ் கிடைப்பது அத்தனை சுலபம் இல்லை, வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குச் சென்னையில் 1991இலேயே கிடைத்தது, அது வேறு விஷயம். அப்பாவையும் அம்மாவையும் பார்த்துக்கொள்ள அவள் ஊரில்தான் இருக்க வேண்டியிருந்தது. 2004இல்தான் அவளைச் சென்னைக்கு அழைத்துப் போக முடிந்தது.

இதையெல்லாம் ஏன் டாக்டர் நோட்டில் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கோவில்பட்டி போய் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தேன். இனி பேச்சியை எதிர்பார்க்க வேண்டாம், புகையும் வேண்டாம். நானே செண்பகத்துக்கு நேரத்துக்குச் செய்து கொடுப்பேன். அம்பத்தூரில் கரண்ட் அடுப்பில் பால் காய்ச்சுவது நான்தானே.

பஸ்ஸில் பாதி வழி திரும்பி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, நிரப்ப வேண்டிய ஆக்சிஜன் சிலிண்டரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். நாளை.

ஜூன் 18, புதன்

இதை மறுநாள் காலையில்தான் எழுதுகிறேன். நேற்று நோட்டைத் திறக்கவே இல்லை.

மாலை ஆறே காலுக்குச் செண்பகம் மெஷின் போட்டுப் படுத்திருந்தாள். ரவை உப்புமா செய்யலாம் என்று இண்டக்‌ஷன் அடுப்பை அதே அறையில், மெஷின் மாட்டியிருந்த ஸ்விட்ச் பலகையிலேயே செருகினேன். இது அம்பத்தூர் வீடு இல்லை, மூன்று பல்புக்குப் போட்ட வயர் என்று ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் சூடாவதற்குள் 'டப்' என்று ஒரு சத்தம். ஃபேன் நின்றது. மெஷின் 'பீ' என்று அலறிவிட்டு அடங்கியது.

சின்ன சிலிண்டரைத் திறந்தேன். ஐந்து நிமிஷம் 'உஸ்' என்றது, பிறகு நின்றுவிட்டது. விரலில் மாட்டிய கிளிப்பில் 87, 85, 83 என்று இறங்கிக்கொண்டே வருகிறது. செண்பகம் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. பேச முடியவில்லை.

பேச்சியைக் கூப்பிட அடுப்படிக்கு ஓடினேன். ஆள் இல்லை. அடுப்பு ஆறிக் கிடந்தது. அன்றைக்கு அணைத்த அடுப்பு இல்லை. சாம்பலில் ஒரு கோழி சொகுசாகக் குழி பறித்துப் படுத்திருந்தது. எத்தனை நாளாக எரியாத அடுப்பு!

தெருவில் நின்று கத்தினேன். எதிர்வீட்டு முப்பிடாதி ஓடி வந்தாள்.

"பேச்சி எங்கம்மா?"

"மோட்டார் ரூம்லல்லா இருப்பா. பத்து நாளா அங்கனதான சமைக்கா. ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க போங்க, அக்காவ நான் பாத்துக்கிடுதேன்."

வரப்பில் ஓடினேன். அறுபத்தாறு வயதில் ஓடத் தெரியும் என்பதே நேற்றுத்தான் தெரிந்தது. எங்கள் கிணறு ஊருக்குக் கிழக்கே, இரண்டு வயல் தாண்டி. மேல்காற்றில் அங்கிருந்து கிளம்பும் புகை ஊர்ப்பக்கமே வராது. மோட்டார் ரூம் சுவரோரம் மூன்று கல்லைக் கூட்டி, பருத்திமாரை ஒடித்து வைத்து, பேச்சி குனிந்து ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகிறாள், இருமுகிறாள், மறுபடியும் ஊதுகிறாள். அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல்.

நான் சொல்லி முடிக்கவில்லை. மோட்டார் ஸ்விட்சை நிறுத்தினாள், கொதிக்கிற சோற்றை அப்படியே விட்டுவிட்டு எனக்கு முன்னால் ஓடினாள். ஓடும்போதே அய்யாத்துரையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். புருஷன் பேரை அவள் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவன் வந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, புதுக் கம்பி சுற்றிச் செருகினான். பல்பு எரிந்தது, ஆனால் மங்கலாக. ஸ்டெபிலைசரில் 164. மெஷின் ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. கிளிப்பில் 79.

"மோட்டாரெல்லாம் ஓடுதுல்லா, எப்படி இழுக்கும்!" என்று சொல்லிவிட்டு அய்யாத்துரை டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு பறந்தான்.

செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நம்பரையே பார்த்தேன். பேச்சி பின்னால் உட்கார்ந்து அவளை நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். முப்பிடாதி விசிறினாள். மாலை நேரத்தில் ஊரைச் சுற்றி மோட்டார் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும்; வந்த நாள் முதல் அது எனக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. வடக்கே ஒன்று நின்றது. 176. கொஞ்ச நேரத்தில் குளத்துப் பக்கம் ஒன்று நின்றது. 188. மூன்றாவதும் நின்றது. 197. நாலாவதும் நின்றதும் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. 209. மெஷின் மூச்சு விட ஆரம்பித்தது.

ஏழு மணிக்கு 86. எட்டு மணிக்கு 90.

செண்பகத்துக்குப் பேச்சு வந்ததும் முதலில் சொன்னது, "அந்தப் புது அடுப்பத் தூக்கி அங்கிட்டு வைங்க."

பேச்சி சொன்னது இன்னும் மோசம். "சோறு அடிபிடிச்சிருக்கும் அத்தான். இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கிடுங்க."

என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஜூன் 20, வெள்ளி

முதல் பஸ்ஸுக்குப் போய் ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பி வந்தேன். ஒன்று போதாது என்று இன்னொன்றும் எடுத்து வந்தேன். பதினைந்து நாள் 'நாளை, நாளை' என்று எழுதியிருக்கிறேன். பின்னால் புரட்டிப் பார்த்தால் என் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

பேச்சியிடம் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"என்னத்தச் சொல்ல? நான் வாக்கப்பட்டு வந்த வருசமே பிள்ள உண்டானேன். பத்து மாசமும் அக்கா என்னைய அடுப்புப் பக்கமே விடல. 'புகை ஆகாது, போய்க் காத்தாட உக்காரு'ம்பாக. மூணு பிள்ளைக்கும் அப்படித்தான். அப்ப அக்காளுக்கு மட்டும் புகை ஆகுமா? நான் கேக்கலையே அத்தான், கேக்காமத்தான உக்காந்தேன்."

எனக்கு இது எதுவுமே தெரியாது. அந்த வருஷங்களில் நான் சென்னையில் தீக்குச்சி உரசினால் நீலமாய் எரியும் அடுப்பில் ஒற்றை ஆளுக்கு ரசம் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அதான் வீட்ல கேஸ் இருக்கே பேச்சி, அதுல சமைக்கலாம்ல?"

"அது தீந்தா யாரு போயி எடுக்க? சிலிண்டர் லாரி மூணு மைலுக்கு அங்கிட்டு ரோட்டு விலக்குலதான் நிக்கும். இவுகளுக்கு வயக்காட்டு வேலையே சரியா இருக்கு. பருத்திமாரு சும்மா கெடக்கும்போது கேஸ் எதுக்கு அத்தான்?"

எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

92. மாலை வோல்டேஜ் 206. நேற்றும் 205.

புதன்கிழமைக்குப் பிறகு ஒரு நாளும் 200க்குக் கீழே போகவில்லை. கரண்ட் ஆபீசில் ஏதோ சரி செய்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இன்று அய்யாத்துரைதான் சொன்னான். ஐந்து கிணற்றுக்காரர்களும் பேசி முறை வைத்திருக்கிறார்களாம், ஒரு நேரத்தில் இரண்டு மோட்டாருக்கு மேல் ஓடாது. கத்திரிக்குத் தண்ணீர் விடுபவர் விடியற்காலைக்கு மாற்றிக்கொண்டாராம். தூக்கம் கெட்டுப் போகிறவர் பேர்கூட எனக்குத் தெரியாது. கேட்டு எழுதிக்கொண்டேன்: சுடலைமுத்து.

அம்பத்தூரில் இருபத்தொரு வருஷமாக ஸ்விட்சைப் போட்டால் எரிகிறது. அதற்கு யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சாயங்காலம் சுடலைமுத்து வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "கத்திரி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கு. மதினி எப்படி இருக்காக?" என்றார். வரும்போது ஒரு பை நிறையக் கத்திரிக்காய் கொடுத்து அனுப்பினார். நன்றி சொல்லப் போனவன் காயோடு வந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

92.

பேச்சி இன்னும் மோட்டார் ரூமில்தான் சமைக்கிறாள். எத்தனை சொன்னாலும் சிரிக்கிறாள்.

எழுதிவிடுகிறேன். அந்தக் கடிதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'கண்ணெல்லாம் எரிகிறது, ராத்திரி இருமல் நிற்கவில்லை, ஒரு கேஸ் அடுப்புக்கு ஏற்பாடு செய்ய முடியுமா, முடியாவிட்டால் பரவாயில்லை' என்று எழுதியிருந்தாள். நான் கார்டில் பதில் போட்டேன். 'அங்கே பருத்திமார் சும்மாதானே கிடக்கிறது. கேஸ் எதற்கு? பிறகு பார்ப்போம்.' அதே வார்த்தை. முப்பத்திரண்டு வருஷம் கழித்துப் பேச்சி வாயிலிருந்து அட்சரம் பிசகாமல் என் வார்த்தையே திரும்பி வந்தது. அந்தக் கார்டை இந்த வீட்டில் எல்லோரும்தான் படித்திருப்பார்கள்.

ஜூன் 30, திங்கள்

சிலிண்டர் லாரி வரும் நாள். அய்யாத்துரையின் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே ஊர்ப் பாதை பிரியும் ரோட்டு விலக்கில் போய் நின்றேன். லாரி பதினொன்றரைக்கு வந்தது. வீட்டில் கூடுதலாகக் கிடந்த காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டு, நிறை சிலிண்டரை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, குண்டும் குழியுமான பாதையில் மூன்று மைல் உருட்டியும் ஓட்டியும் வந்தேன். இடுப்பு என்னுடையதாக இல்லை.

புளிப்பானையை இறக்கினேன். துணியை எடுத்தேன். பேச்சி ஓடி வந்தாள்.

"எதுக்கு அத்தான் இந்தப் பாடு? பருத்திமாரு சும்மா..."

"அது நான் சொன்னது பேச்சி" என்றேன். "ஒங்க அக்காளுக்கு நான் எழுதுனது. அத நீ சொல்லாத."

அறையிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "ஞாபகம் இல்லன்னீங்க!"

"இருக்கு" என்றேன். "அன்னைக்கும் இருந்துச்சு."

டியூபின் நீளம் வரைக்கும் நடந்து வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அவளைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் செம்பகம். கேட்டப்பவே செஞ்சிருக்கணும்."

மூக்கில் இருந்த டியூபைச் சரிசெய்துகொண்டாள்.

"அந்தக் கார்டக் கிழிச்சு அடுப்புலதான் போட்டேன்" என்றாள். "அதுக்கும் புகைதான் வந்துச்சு." பிறகு, "அரிசிய நல்லாக் களைங்க. கல்லு இருக்கும்" என்றாள்.

மன்னித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். நிலைப்படியிலேயே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்தவள், உலை கொதிக்கும்வரை எழுந்து போகவில்லை. அது எனக்குப் போதும்.

ஜூலை 4, வெள்ளி

மூன்று வேளையும் வீட்டிலேயே சமையல். காலையில் பேச்சி, மதியம் நான், மாலையில் இரண்டு பேரும். நாங்கள் அம்பத்தூருக்குத் திரும்பின பிறகு லாரிக்கு யார் போவது என்று பேச்சி கேட்டாள். அய்யாத்துரை தலையைச் சொறிந்தான். "ஒங்க அண்ணன் அறுபத்தாறு வயசுல போயிட்டு வந்தாருலே" என்றாள் செண்பகம். அவன் போவான்.

மதியம் பேச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "எனக்கு எதுக்கு அத்தான், நான் நல்லாத்தான இருக்கேன்" என்று கையை இழுத்தாள். செண்பகம் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொள்ள, நான் கிளிப்பை மாட்டினேன். நம்பர் வரும்வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

நோட்டில் ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போட்டேன்.

செண்பகம் 93. பேச்சி 95. வோல்டேஜ் 207. சோறு ஒரு மணிக்கு, நான் வடித்தது. குழைந்துவிட்டது. இரண்டு பேரும் மறு சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள்.